பார்வையற்ற நான் திருமணத்திற்கு முன் தனியாக வாழ விரும்புகிறேன்; தில்லியில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஆர்.கே.புரத்துப் பெண்

அனைவருக்கும் வணக்கம். குறைமாதத்தில் பிறந்து, இன்குபேட்டரில் இருந்த நாட்களிலேயே விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வையை முழுவதுமாக இழந்தவள் நான். இப்போது வயது இருபத்தைந்து. அப்பாவின் மத்திய அரசு வேலையை முன்னிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது, ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் அப்பா, அம்மாவுடன் இருக்கிறேன். குருகிராமில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில், இணையதளங்களும் செயலிகளும், திரையில் உள்ளதை உரக்கப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானோடு ஒத்துப்போகின்றனவா என்று சோதித்துச் சொல்லும் வேலை. சம்பளம் ஒருவர் தனியாக வாழப் போதுமானது. ஆனால் கணக்கு தொடங்கச் சென்றபோது, பார்வையுள்ள ஒருவரும் சேர்ந்தால்தான் முடியும் என்று வங்கிக் கிளையில் கறாராகச் சொல்லிவிட்டதால், அது அப்பாவுடன் சேர்ந்த கூட்டுக் கணக்காகவே இருக்கிறது. ஏ.டி.எம். அட்டையும் அவரிடம்தான் இருக்கிறது.

காலையில் அப்பா ஸ்கூட்டரில் மெட்ரோ வாசல் வரை கொண்டுவந்து விடுவார். உள்ளே ஊழியர் ஒருவர் ரயிலேற்றுவார், ஹௌஸ் காஸில் இன்னொருவர் மஞ்சள் தடத்திற்கு மாற்றிவிடுவார், குருகிராமில் அலுவலக வண்டி நிற்கும். மாலையில் இதே வரிசை தலைகீழாக நடக்கும். வீட்டிலிருந்து மெட்ரோ நிலையம் நடந்து போகும் தூரம்தான் என்றாலும், அந்தத் தெருவை நான் இதுவரை தனியாக நடந்ததில்லை. கைத்தடி அலமாரியில் மடித்தபடியே இருக்கிறது. பக்கத்து வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பது அம்மாவின் வருத்தம்.

கணினிப் பயிற்சி வகுப்பில் அறிமுகமான ஒருவரை நான் விரும்புகிறேன். சேலத்துக்காரர். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோயால் பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது பகலில் நேர் எதிரே இருப்பது மட்டும் கொஞ்சம் தெரியும், இருட்டினால் ஒன்றும் தெரியாது. அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறார், முனிர்காவில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கித் தானே சமைத்துக்கொள்கிறார். வகுப்பு முடிந்து முதன்முறை தேநீர் குடிக்கப் போனபோது, மற்றவர்களைப் போல டம்ளரை என் கையில் பிடித்துத் திணிக்காமல், மேஜையில் வைத்து அதன் அடியால் இரண்டு முறை தட்டி, அது இருக்கும் இடத்தை எனக்குக் காட்டினார். அவரை எனக்குப் பிடித்துப்போனது அந்த நாளில்தான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் வேறொரு வரன் பார்த்திருக்கிறார்கள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், முதல் திருமணம் முறிந்தவர், நிலையான வருமானம் இல்லாதவர். அவருக்குக் கண் தெரியும் என்பது ஒன்றே தகுதியாகப் பேசப்படுகிறது. நான் விரும்புகிறவரைப் பற்றிச் சொன்னபோது, இரண்டு பேருக்கும் பார்வை இல்லையென்றால் அடுப்பை யார் பார்ப்பது, பிள்ளையை யார் பார்ப்பது, அந்தப் பிள்ளைக்கும் கண் தெரியாமல் போனால் என்ன செய்வது என்று அம்மா அழுதுவிட்டார். யாரை மணந்தாலும் அதற்கு முன் ஓராண்டாவது ஒரு மகளிர் விடுதியில் என் பொறுப்பில் இருந்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். இதை எங்கிருந்து தொடங்குவது? அம்மாவின் பயத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது? தன்னம்பிக்கைக் கதைகளைத் தவிர்த்து, அனுபவமுள்ளவர்கள் விவரமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ரோகிணி இல்லத்தரசி

அன்புத் தங்கைக்கு, நானும் என் கணவரும் முழுவதுமாகப் பார்வையற்றவர்கள். பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தில்லியில் குடும்பம் நடத்துகிறோம், பள்ளிக்குப் போகிற மகள் இருக்கிறாள், அவளுக்குப் பார்வை உண்டு. உங்கள் கடிதத்தில் வீட்டை விட்டு வெளியே வருவது, விரும்பியவரை மணப்பது என்ற இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. உங்கள் பெற்றோரிடம் பேசும்போது அவற்றைச் சேர்த்துப் பேச வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். சேர்த்துப் பேசினால், விடுதிக்குப் போவதே அந்தப் பையனைச் சந்திப்பதற்காகத்தான் என்று அவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். அதன் பிறகு நீங்கள் தடியை எடுத்து வாசலில் இறங்கினாலும் அது காதல் விவகாரமாகவே பார்க்கப்படும்.

தடியிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் இருக்கும் ஆர்.கே.புரம் ஐந்தாம் செக்டாரிலேயே, தில்லித் தமிழ்ச் சங்கம் இருக்கும் அதே செக்டாரில், தேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தில்லிக் கிளை இருக்கிறது. லால் பகதூர் சாஸ்திரி மார்க்கில் பிளைண்ட் ரிலீஃப் அசோசியேஷனும் இருக்கிறது. நடமாட்டப் பயிற்சி பற்றி இரண்டு இடங்களிலும் விசாரியுங்கள். இடது கால் முன்னால் போகும்போது தடியின் நுனி வலப்பக்கமும், வலது கால் போகும்போது இடப்பக்கமும் தொட வேண்டும், தோளின் அகலத்தைவிட மிக அகலமாக வீசக் கூடாது என்பது முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். அது கை தானாகச் செய்யும் பழக்கமாவதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகும்.

தடி காட்டுவது தரையை மட்டுமே; மற்றதைக் காது பார்த்துக்கொள்ள வேண்டும். மதில் முடிந்து சந்து திறக்கும் இடத்தில் காற்றும் எதிரொலியும் மாறுவதைக் கவனிக்கப் பழகினால், எத்தனையாவது சந்து என்று எண்ணிக்கொண்டே போகலாம். உங்கள் பகுதியில் மலை மந்திரின் மணியோசை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை வைத்தே திசையைப் பிடித்துக்கொள்ளலாம். எச்சரிக்கையாக இருக்க வேண்டியது ஈ-ரிக்‌ஷாக்களிடம். ஆட்டோவைப் போல முன்கூட்டி உறுமாமல் அருகில் வந்த பிறகுதான் சத்தம் காட்டும். நடைபாதையில் பதித்திருக்கும் புடைப்பு ஓடுகளையும் கண்ணை மூடிக்கொண்டு (நமக்கு மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான்) நம்பிவிடாதீர்கள், சில இடங்களில் அவை நேராக மின்கம்பத்தில் கொண்டுபோய் மோதும். மெட்ரோவுக்குள் கதை வேறு. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்ற அறிவிப்பும், ஓடுகளின் தொடர்ச்சியும் பெரும்பாலும் நம்பகமானவை. ஹௌஸ் காஸ் மிக ஆழமான நிலையம், தடம் மாற நீண்ட தூரம் நடக்க வேண்டும் என்பதால், அங்கே மட்டும் ஊழியர் உதவியைத் தொடர்வதில் தவறொன்றும் இல்லை. உதவியை எங்கே பெறுவது, எங்கே விடுவது என்று தீர்மானிக்கிறவர் நீங்களாக இருந்தால் போதும்.

இனி அம்மாவின் கேள்விகளுக்கு வருகிறேன். அடுப்பு எங்களுக்கு ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை. எண்ணெய் காய்ந்ததைக் கடுகு சொல்லும், தோசை வெந்ததை அதன் ஈரச் சத்தம் அடங்குவது சொல்லும், பருப்பைக் குக்கர் சொல்லும். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும் டப்பாக்களில் மஞ்சள்தூளுக்கு ஒரு ரப்பர் வளையம், மிளகாய்த்தூளுக்கு இரண்டு, மல்லித்தூளுக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வரும் உறவினர்கள் ஆசையோடு சமையலறையை ஒழுங்குபடுத்திவிட்டுப் போவதுதான் உண்மையான ஆபத்து. மகள் தவழத் தொடங்கியபோது காலில் நிறைய முத்து வைத்த கொலுசைப் போட்டேன். எந்த அறையில் இருக்கிறாள், கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிட்டாளா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அவள் சத்தமில்லாமல் இருக்கும்போதுதான் ஓடிப்போய்த் தேடுவேன். காய்ச்சல் மருந்துக்கு ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றை வாங்கி, மருத்துவர் சொன்ன அளவில் அதன் தண்டில் பிளேடால் ஒரு கோடு கீறித் தரும்படி மருந்துக் கடைக்காரரையே கேட்டு வாங்கிக்கொண்டேன். விரல் நகம் அந்தக் கோட்டில் தட்டும் வரை இழுத்தால் அளவு சரியாக இருக்கும்.

கஷ்டங்கள் இல்லாமல் இல்லை. எங்களுக்கு மிகப் பெரிய கஷ்டம் வாடகை வீடு பிடிப்பதாக இருந்தது. கேஸைத் திறந்து போட்டுவிடுவீர்கள் என்று சொல்லி முகத்துக்கு நேராக மறுத்த உரிமையாளர்களைப் பார்த்திருக்கிறோம். ரொக்கமும் தொல்லைதான். புதிய நூறு ரூபாய்த் தாள் 142 மில்லிமீட்டர் நீளம், இருநூறு 146, ஐந்நூறு 150. அவசரத்தில் கடை வாசலில் நின்றுகொண்டு நான்கு மில்லிமீட்டரை விரலால் பிரித்தறிவது எளிதன்று. ஓரத்தில் உள்ள புடைப்புக் கோடுகளோ தாள் பழசானதும் தேய்ந்துவிடும். ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட ‘மணி’ செயலி தாளைப் படித்துச் சொல்லும் என்றாலும், நான் பெரும்பாலும் யு.பி.ஐ. மூலமே செலுத்துகிறேன். கடைக்காரரின் பெட்டி தொகையை உரக்கச் சொல்வது அவருக்காக வைத்த ஏற்பாடு, ஆனால் அதிக நன்மை நமக்குத்தான்.

பதில்: ஜனக்புரி அப்பா

உன் வயதில் எனக்கு ஒரு மகன் இருப்பதால் ஒருமையில் எழுதுகிறேன் அம்மா, பொறுத்துக்கொள். அவனுக்கும் குறைபார்வைதான். மேலே எழுதிய சகோதரி சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் உன் அப்பாவைத் தடையாக மட்டும் பார்க்கிற தொனி எனக்கு உடன்பாடானதாக இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மெட்ரோ பழுதாகி எங்கேயோ இறக்கிவிட்டால் நீ என்ன செய்வாய் என்பது அவர் தினமும் மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிற காட்சி. தில்லியில் கண் தெரிந்த பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களே அந்த நேரத்தில் வாசலில்தான் நிற்கிறார்கள். அந்தப் பயத்தை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். நிலைய ஊழியரிடம் சொல்வேன், இந்தப் பெண் தோழியை அழைப்பேன், என் இருப்பிடம் உங்கள் கைபேசியில் தெரியும் என்று காட்சிக்குக் காட்சி பதில் வைத்திரு.

இன்னொன்று. அந்தப் பையனை வரனாக அறிமுகம் செய்வதற்கு முன், மனிதனாக அறிமுகம் செய். உன் அப்பா முனிர்கா அறைக்கு ஒருநாள் போய், அந்தப் பையன் கையால் வைத்த ரசத்தைச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். பார்வை குறைந்தவன் வீடு எப்படியிருக்கும் என்று உன் அப்பா கற்பனை செய்து வைத்திருப்பதைச் சொல்லி மாற்ற முடியாது, நேரில் பார்த்தால்தான் மாறும். ‘நீங்கள் பார்த்திருக்கும் மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார்’ என்று அதே நாளில் அப்பாவிடம் கேட்டுவிடாதே. அந்தக் கணக்கை அவரே போட்டுக்கொள்வார். விடுதி விஷயத்திலும் ஓராண்டு என்று தொடங்காமல் மூன்று மாதம் என்று கேட்டுப் பார். வார இறுதியில் வீட்டுக்கு வருவேன் என்று சொல்வது தோல்வி ஆகாது.

பதில்: ரோகிணி இல்லத்தரசி

ஐயா சொல்வதில் ரசம் வரைக்கும் ஏற்கிறேன். ஆனால் பயத்திற்குப் பதில் தயாராக வைத்திருக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் பெண்ணின் தலையில் விழுவது நியாயமா? இருபத்தைந்து வயதுப் பெண்ணின் ஏ.டி.எம். அட்டை அப்பாவின் சட்டைப்பையில் இருப்பதற்கு இரவு ஒன்பது மணியோடு என்ன தொடர்பு?

பதில்: மயூர் விஹார் வழக்கறிஞர்

கணக்கு பற்றிய பகுதிக்கு மட்டும் எழுதுகிறேன். பார்வையற்றவர்களும் ஒப்பந்தம் செய்யும் தகுதி உடையவர்களே என்றும், காசோலைப் புத்தகம், ஏ.டி.எம்., இணைய வங்கிச் சேவை, பெட்டகம், கடன் உள்ளிட்ட எல்லா வசதிகளையும் பாகுபாடின்றி அவர்களுக்கு அளிக்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2008-ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவும் சொத்து வைத்திருக்கவும் தம் பணத்தைத் தாமே நிர்வகிக்கவும் உங்களுக்குள்ள சம உரிமையை உறுதி செய்கிறது. ஆகவே கூட்டுக் கணக்கு கட்டாயம் என்று கிளையில் சொன்னதற்கு அடிப்படை இல்லை.

நடைமுறையில், இருக்கும் கூட்டுக் கணக்கிலிருந்து அப்பாவின் பெயரை நீக்க முயன்றால் அவருடைய கையொப்பமும் வேண்டியிருக்கும், வீட்டில் மனக்கசப்பும் வரும். அதைவிட, உங்கள் பெயரில் மட்டும் புதிய கணக்கொன்றைத் தொடங்கி, அந்த எண்ணை அலுவலகத்தின் மனிதவளப் பிரிவில் கொடுத்துவிடுவது எளிது. கூட்டுக் கணக்கு வீட்டுச் செலவுக்கு அப்படியே இருக்கட்டும், நீங்கள் விரும்பும் தொகையை மாதந்தோறும் அதில் போடுங்கள். கைபேசி வழியாகத் தொடங்கும்போது கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லி நிற்கும் கட்டத்தில் நம்மவர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எண்மச் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, சிமிட்டலுக்கு மாற்று வழிகள் தர வேண்டும் என்றும் கூறியிருக்கிறது. எல்லா இடத்திலும் மாறும் வரை, நேரில் கிளைக்குச் சென்று எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கேட்டவுடன் பல மறுப்புகள் கரைந்துவிடுகின்றன. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம்.

திருமணத்தைப் பொறுத்தவரை, இருவரும் உரிய வயதை அடைந்தவர்கள் என்பதால் பெற்றோரின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. இருவரும் இந்துக்களாக இருந்தால், சாதி வேறானாலும் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமே போதும். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் முப்பது நாள் முன்னறிவிப்பு ஒட்டப்படும் என்பதை நினைவில் வையுங்கள். பார்வையின்மை எந்தச் சட்டத்திலும் தடையாகாது.

பதில்: கண் மருத்துவம் படிப்பவர்

குழந்தையைப் பற்றி அம்மா கேட்டதற்குப் பொதுவான விளக்கம் மட்டும் தருகிறேன். உங்களுக்கு வந்தது குறைமாதத்தில் விழித்திரையின் இரத்த நாளங்கள் முழுமையாக வளராததால் ஏற்பட்ட பாதிப்பு, அது பிள்ளைக்குப் போகும் பரம்பரை நோய் அன்று. உங்கள் நண்பருடையது மரபணு நோய்தான். ஆனால் அது ஒரே வகையில் கடத்தப்படுவதில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் மட்டுமே நோய் வெளிப்படும் வகை ஒன்று; நெருங்கிய உறவுத் திருமணங்களில் பிறந்தவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அவருடைய பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள் போன்ற உறவினர்களா என்று கேளுங்கள். அந்த வகையாக இருந்து, உங்களிடம் அதே மரபணுவில் குறை இல்லையென்றால், பிள்ளைகள் அந்த மரபணுவைச் சுமப்பார்களே தவிர நோய்க்கு ஆளாக மாட்டார்கள். எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் வகையானால், தந்தையிடமிருந்து மகன்களுக்குப் போகாது, மகள்கள் சுமப்பவர்களாவார்கள், அவர்களில் சிலருக்கு லேசான பாதிப்பு இருக்கலாம். ஒரே ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் வகையில்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. எய்ம்ஸ் வளாகத்தின் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையத்தில் அவரைக் காட்டி, மரபணு ஆலோசனைக்குப் பரிந்துரை கேளுங்கள். முதலில் இரத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டியவர் அவர்தான், நீங்கள் அல்லர். சிலருக்கு எந்த மரபணு என்று சோதனையிலும் பிடிபடாமல் போவதுண்டு.

பதில்: ரோகிணி இல்லத்தரசி

மருத்துவருக்கு நன்றி. ஆனால் தங்கை, அந்த அறிக்கை வந்த பிறகுதான் திருமணம் என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சோதனை நீங்கள் இருவரும் தெரிந்துகொள்வதற்கு. பாதிக்குப் பாதி என்று வந்தாலும், பிறக்கும் பிள்ளைக்குத் தடி பிடிக்கவும் பிரெய்ல் படிக்கவும் சொல்லித் தர உங்களைவிடத் தகுதியான பெற்றோர் யார் கிடைப்பார்கள்?

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அவருடைய பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள்தான் என்று இன்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். சோதனைக்குப் போக அவர் தயாராக இருக்கிறார், தானே இதை யோசித்து வைத்திருந்ததாகவும் சொன்னார். நடமாட்டப் பயிற்சி பற்றி ஐந்தாம் செக்டாரில் நேரில் விசாரிக்கச் சனிக்கிழமை போகிறேன். அப்பாவிடம் சொன்னேன், ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். போகும்போது நீங்கள், வரும்போது நான் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. புதிய கணக்குக்கான விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது: விடுதிகளில் விசாரிக்கும்போது பார்வையற்றவள் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுவதா, நேரில் போன பிறகு தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவதா?

பதில்: ரோகிணி இல்லத்தரசி

தொலைபேசியில் அறை காலியாக இருக்கிறதா, வாடகை என்ன, முன்பணம் எவ்வளவு என்பதை மட்டும் கேளுங்கள். அங்கேயே சொன்னால் ‘இப்போதுதான் ஆள் வந்துவிட்டார்’ என்ற பதில்தான் கிடைக்கும். நேரில் போகும்போது தடியுடன் போங்கள், அலுவலக அடையாள அட்டையை முதலில் நீட்டுங்கள். துணைக்கு ஒருவர் தங்க வேண்டும் என்று காப்பாளர் நிபந்தனை போட்டால், எதற்காக என்று கேட்டுவிட்டு அவர் பதில் சொல்லும் வரை காத்திருங்கள். படிகளின் எண்ணிக்கை, குளியலறை எவ்வளவு தூரம், தண்ணீர் சூடாக்கும் கருவியின் சுவிட்சு எந்தப் பக்கம், மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் உண்டா என்பதையெல்லாம் அன்றே தொட்டுப் பார்த்துவிடுங்கள். முனிர்கா பக்கம் விடுதி தேட வேண்டாம், காரணம் உங்களுக்கே தெரியும். கிரீன் பார்க் பக்கம் பாருங்கள். அங்கிருந்து குருகிராமுக்கு மஞ்சள் தடத்திலேயே நேராகப் போய்விடலாம், ஹௌஸ் காஸில் மாறும் வேலையும் இல்லை.